நான்காம் சாட்சி அய்யம்மாள்

அய்யம்மாள் ஒரு மஞ்சள் பையில் இரண்டு சேலை, துண்டு, பல்பொடி, பிரஷர் மாத்திரை அட்டை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டுதான் ராஜபாளையம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். முந்தின நாள் ஒரு பெண் காவலர் வீட்டுக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். அதில் மகன் பெயருக்கு நேரே 'முதல் எதிரி' என்றும், அவள் பெயருக்கு நேரே 'இரண்டாம் எதிரி' என்றும் இருந்தது. எதிரி என்றால் யாருக்கு எதிரி என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் மகனை ஐந்து நாளுக்கு முன்னால் ஜீப்பில் ஏற்றிப் போனதைப் பார்த்திருந்தாள். அடுத்தது தன் முறை என்று நினைத்தாள்.

இன்ஸ்பெக்டர் செல்வலட்சுமி பையைப் பார்த்தார்.

"என்னம்மா அது?"

"மாத்துச் சேலைங்க. ஜெயிலுக்கு."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். "இது அரெஸ்ட் இல்லம்மா. விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ். இந்த மாதிரி கேசுல எடுத்த எடுப்புல எல்லாரையும் உள்ள வச்சிர முடியாது. கூப்பிட்டா வரணும், கேட்டதுக்குப் பதில் சொல்லணும். உங்க மகன் விசயம் வேற. வெளிய இருந்தா அந்தப் பிள்ளையத் தேடிப் போயிருவான்னுதான் அவனை ரிமாண்டுக்கு அனுப்புனது."

அய்யம்மாள் உட்கார்ந்தாள். பையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாக நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை. புருஷன் கருத்தப்பாண்டி லோடுமேன். இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை அடித்தான். அவளுக்குத் தெரிந்து அந்தத் தெருவில் அடி வாங்காத பெண்கள் குறைவு. அடிதடி கேஸ் என்றால் அது டீக்கடை வாசலிலோ வரப்புத் தகராறிலோ இரண்டு ஆம்பிளைகளுக்குள் நடப்பது என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டுக்குள் நடப்பதற்குக் கேஸ் என்று பெயர் வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மகன் லிங்கேஸ்வரன் அப்பாவைப் போல் இல்லை என்று ஊரே சொன்னது. தென்காசி ரோட்டில் சொந்தமாக டூவீலர் ஒர்க்‌ஷாப். குடி கிடையாது. சிகரெட் கிடையாது. கடைக்கு வருகிற பெண்களைத் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டான். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை பார்த்த மாரிசெல்வியை அவனுக்குக் கட்டி வைத்தபோது, "சொக்கத் தங்கம்ட்டி உன் மாப்பிள்ளை" என்று அவளுடைய சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

கல்யாணமான மறுமாதமே தையல் வேலையை நிறுத்தினான். அடுத்து அவள் போன் அவன் சட்டைப்பைக்குப் போனது. அவன் கத்த மாட்டான். குரல் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு பயம். சாயங்காலம் அவனுடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாரிசெல்வி சேலை முந்தியைச் சரிசெய்வாள். அய்யம்மாள் அடுப்படியில் இல்லாத பாத்திரத்தைத் தேடுவாள். நான்கு வருடம் இப்படிப் போனது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி. அண்ணன் ஐயாதுரை மகளுக்குக் காதுகுத்து, போய்விட்டு வருகிறேன் என்று மாரிசெல்வி கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். "எங்க அண்ணன் வீட்டுக்குப் போறதுக்குமா கூடாது?" என்று அவள் இரண்டாம் முறை கேட்டாள். அவ்வளவுதான். வீட்டில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தான். தலைக்கு வந்ததை அவள் இடது கையைத் தூக்கித் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் அடுப்படி நிலையில் நின்ற அய்யம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது. காய்ந்த முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி இருந்தது.

வெளியே தெருக்குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அய்யம்மாள் மகன் கையைப் பிடிக்கவில்லை. குறுக்கே விழவில்லை. போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அரசு மருத்துவமனையில் லிங்கேஸ்வரன் டாக்டரிடம், "மாடிப்படியில தவறி விழுந்துட்டா சார்" என்றான். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். அவனையும் அய்யம்மாளையும் வெளியே போகச் சொன்னார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே மாரிசெல்வி, "எங்க வீட்ல மாடியே கிடையாது சார்" என்று சொன்னது அய்யம்மாளுக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற மகனுக்கும் கேட்டது. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அய்யம்மாள் தரையைப் பார்த்தாள். 'தெரிந்த நபரால் ஸ்பேனரால் தாக்கப்பட்டு' என்று டாக்டர் பதிவேட்டில் எழுதிப் போலீசுக்குத் தகவல் அனுப்பினார்.

கேஸ் இப்படித்தான் ஆரம்பமானது. புகாரை எழுதிக் கொடுத்தது ஐயாதுரை. கோபத்தில் மாமியார் பெயரையும் சேர்த்திருந்தான்.

"சொல்லுங்கம்மா. அன்னைக்கு என்ன நடந்துச்சு? நீங்க என்ன பாத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க. அடுப்படியில இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "உங்க பேரு எதிரி லிஸ்ட்ல, அதாவது குத்தம் சாட்டப்பட்டவங்க லிஸ்ட்ல இருக்கு. அதனால முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, காசு வேண்டாம். பாத்துட்டு வாங்க. பொறவு பேசுவோம்."

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அய்யம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். மையத்தில் நஸீபா என்று ஒரு வக்கீல் இருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தாளை வாங்கி முழுதும் படித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நீங்க மருமகளை அடிச்சீங்களா?"

"இல்லம்மா."

"அடின்னு மகனைத் தூண்டி விட்டீங்களா? நகை கொண்டா, பணம் கொண்டான்னு கேட்டீங்களா?"

"பெத்தவ மேல சத்தியமா இல்லம்மா."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"ஜன்னலைச் சாத்துனேன்" என்றாள்.

நஸீபா பொறுமையாக விளக்கினார். கையால் அடித்துக் காயம் உண்டாக்கினால் அது ஒரு பிரிவு. எலும்பு முறிந்தால் அதே அடி கொடுங்காயம் ஆகிவிடும், தண்டனை கூடும். இரும்புச் சாமானால் அடித்திருந்தால் இன்னும் கூடும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் அதற்குத் தனி. மனைவி நாளைக்கே சமாதானமாகிப் புகாரைத் திரும்ப வாங்குகிறேன் என்றாலும், இது அவளுக்கும் அவனுக்கும் நடுவே உள்ள தகராறாக மட்டும் முடிந்துவிடாது. கேஸ் நடத்துவது அரசாங்கம்.

"கட்டுன புருசன் அடிச்சாலுமாம்மா?"

"கட்டுன புருசன்ங்கிறதுக்காகவே தனியா ஒரு பிரிவு இருக்கும்மா. புருசனோ அவன் வீட்டு ஆளுகளோ பொம்பளையக் கொடுமை பண்ணுனா மூணு வருசம். இப்ப வந்த புதுச் சட்டத்துல எண்பத்தஞ்சு. பழசுல நானூத்தித் தொண்ணூத்தெட்டு ஏ."

"பழசுலயும் இருந்துச்சா?"

"எண்பத்தி மூணுலயே வந்துருச்சு. உங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"தொண்ணூத்திரெண்டு."

அய்யம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கருத்தப்பாண்டி அடித்த ஒவ்வொரு நாளும் அந்தச் சட்டம் எங்கோ ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது நஸீபா இன்னொன்றும் சொன்னார். மாரிசெல்வி மாஜிஸ்திரேட் முன்னால் தனியாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். அதில் மாமியாரைப் பற்றி இரண்டே வரிதான்: 'என் மாமியார் என்னை அடித்ததில்லை. ஒருநாளும் தடுத்ததுமில்லை.'

அந்த இரண்டாவது வரி அய்யம்மாளைத் தூங்க விடவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே காவல் நிலையத்துக்குப் போனாள். ஸ்பேனர், தூக்கிய கை, எலும்புச் சத்தம், ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். குற்றப்பத்திரிகை தாக்கலானபோது அவள் பெயர் எதிரிப் பட்டியலில் இல்லை. சாட்சிப் பட்டியலில் நான்காவதாக இருந்தது.

அதற்குள் லிங்கேஸ்வரனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. மனைவி இருக்கும் பக்கம் போகக் கூடாது, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அவன் அம்மா வீட்டில் இருக்கக் கூடாது என்று யாரும் எழுதவில்லை. அப்போது அவள் சாட்சி என்று ஸ்டேஷனுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவன் வீட்டுக்கு வந்தான். குளித்தான். சாப்பிட்டான். "குழம்பு நல்லாருக்கு" என்றான்.

குற்றப்பத்திரிகையோடு சாட்சிகள் சொன்னதையும் நகல் எடுத்து எதிரிக்குக் கொடுப்பார்கள் என்பது அய்யம்மாளுக்குத் தெரியாது. கோர்ட்டுக்குப் போய் வந்த மறுநாள் காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தாள்களை விரித்து வைத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசித்தான்.

"'சாட்சி நாலு. அய்யம்மாள், கணவர் பெயர் கருத்தப்பாண்டி, எதிரியின் தாயார். மேற்படி எதிரி இரும்பு ஸ்பேனரால் அடித்ததை நான் நேரில் பார்த்தேன்.'"

அய்யம்மாள் சட்னிக் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தாள். அவன் ஒரு விள்ளல் சாப்பிட்டான். அடுத்த வரியை வாசித்தான். கடைசி வரை வாசித்தான். தாள்களை மடித்தான்.

"நல்லாத்தான் சொல்லிருக்க யம்மா" என்றான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

அன்று மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவள் அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"லூசா இருந்துச்சு, கழட்டிட்டேன். வேற வாங்கி மாட்டுதேன்" என்றான். மாட்டவில்லை.

அதிலிருந்து அய்யம்மாள் அவன் வீட்டில் இருக்கிற ராத்திரி நேரத்துக்கு ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கினாள். அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன பிறகு, வாசல் கதவுக்கு அண்டாவை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினாள். அவன் அவளைத் தொடவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அவள் டம்ளரை வைத்தால் அதையே பார்ப்பான். போன் அடித்தால் யார் என்று கேட்பான். மாரிசெல்வி இதே வீட்டில் நான்கு வருடம் எப்படி இருந்தாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

நஸீபாவுக்குப் போன் செய்தாள், மில் கேன்டீனில் இருந்து.

"மிரட்டுனானாம்மா?"

"இல்ல. தாழ்ப்பாளைக் கழட்டுனான்."

"அதுவும் மிரட்டல்தான். சாட்சியப் பயமுறுத்துறது தனிக் குத்தம். மனுப் போட்டா ஜாமீனை ரத்து பண்ணக் கேக்கலாம். போடுவோமா?"

"வேண்டாம்மா. நானே எம்புட்டுத்தான் அவனை உள்ள தள்ள? பெத்தவ இல்லையா நான்?"

"அப்ப அந்த வீட்டை விட்டாவது வெளிய வாங்க."

அதற்கும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெளியே போனால் அதற்காகவே ஏதாவது செய்வான் என்று தோன்றியது.

சித்திரையில் சாட்சி சொல்ல சம்மன் வந்தது. கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள் காலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து, மற்ற பெண்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடலாம் என்று வந்தாள். மில் கேட்டில் லிங்கேஸ்வரன் பைக்கோடு நின்றான்.

"ஏறு, நானே கொண்டாந்து விடுதேன். ஒரே கோர்ட்டுக்குத்தான போறோம்."

கூட வந்த பெண்கள், "பாருங்க, கேஸு நடந்தும் தாயைக் கைவிடாம வச்சிருக்கான்" என்றார்கள். அய்யம்மாள் ஏறினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் மெதுவாகத்தான் போனான். பிறகு வேகத்தைக் கூட்டினான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பைக்கை நுழைத்தான். இடப்பக்கம் மலை ஓடியது. அவன் சட்டையைப் பிடிக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்மாய்க்கரைப் பக்கம் வந்ததும் ரோட்டை விட்டு இறக்கிக் கருவேல மரங்களுக்குள் நிறுத்தினான். ஆள் நடமாட்டம் இல்லை. எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அடிக்கப் போகிறான் என்று அய்யம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அழுதான். "பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு யம்மா. அடுப்படியில இருந்தேன்னு சொல்லு. உனக்கு நான் மட்டுந்தான. நான் உள்ள போயிட்டா உனக்கு யாரு கொள்ளி வைப்பா?" அழுதுகொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி இறுகிக்கொண்டே போனது. வளையல் சதையில் பதிந்தது. அழுகிற முகமும் இறுக்குகிற கையும் வேறு வேறு ஆளுடையவை போல இருந்தன.

"சரிலே" என்றாள் அய்யம்மாள். "சொல்லுதேன்." கையை விடுவிக்க அது ஒன்றுதான் வழி.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

கோர்ட்டு ஹாலில் மாரிசெல்வி அண்ணன் ஐயாதுரையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். இடது முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு தையல் தழும்பு. நான்காம் சாட்சி என்று கூப்பிட்டார்கள். அய்யம்மாள் கூண்டில் ஏறினாள். மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். எதிரே மகன் கை கட்டி நின்றான்.

அரசு வக்கீல், "சம்பவத்தன்று என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

வரும் வழியெல்லாம் அவள் 'பாக்கலை' என்பதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள். மணிக்கட்டு விண்விண் என்று வலித்தது.

"அடிச்சான்யா. என் மகன் ஸ்பேனரால அடிச்சான். நான் பாத்தேன்."

லிங்கேஸ்வரன் அசையவில்லை. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நீதிபதியின் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி மீதியையும் சொல்லி முடித்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "ஜன்னலைச் சாத்தினது நீங்கதானே?"

"ஆமாய்யா."

"அப்போ நீங்களும் உடந்தை. உங்களைத் தப்பிக்க வச்சுக்கத்தான் மகன் மேல பழி போடுறீங்க."

"பயத்துல சாத்துனேன். அது தப்புதான். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. அவன் அடிச்சது நெசம்."

"எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டதாச் சொல்றீங்க. உங்களுக்கு ஒரு காது கேக்காதுன்னு உங்க மகன் சொல்றார். சரியா?"

"வலது காது கேக்காது. இடது காது கேக்கும்."

"பிறவியிலேயேவா?"

"இல்லய்யா. இவன் அப்பா அடிச்சதுல போனது. இவன் அப்ப மூணாப்பு படிச்சான். பக்கத்துலதான் நின்னான்."

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். நீதிபதி சற்று நிறுத்தி, அந்தப் பதிலையும் தட்டச்சரை அடிக்கச் சொன்னார்.

கூண்டை விட்டு இறங்கியதும் அய்யம்மாளுக்குப் பயம் முழுசாக வந்தது. வீட்டுக்கு எப்படிப் போவது? வெளியே பைக் நிற்கிறது. வராந்தாத் தூணோடு ஒட்டி நின்றாள். நஸீபா வந்து மணிக்கட்டைப் பார்த்தார். "இது என்ன?" என்றார். இந்த முறை அய்யம்மாள் மறைக்கவில்லை. அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் செல்வலட்சுமி இரண்டு காவலர்களோடு வந்து நின்றபோதுதான், அய்யம்மாள் தன் வீட்டுக்குள் போய் அந்த மஞ்சள் பையில் துணிகளை எடுத்தாள். மில் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். சாட்சியை மிரட்டியதாக அவன்மேல் இன்னொரு கேஸ் பதிவானது. ஜாமீனும் ரத்தானது.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கொடுமைக்கு மூன்று வருடம், கொடுங்காயத்துக்கு மூன்று வருடம், இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவிக்க வேண்டும். மாரிசெல்வி வராந்தாவில் அய்யம்மாளைக் கடந்து போனவள் நின்றாள்.

"அத்தை, சாப்பிட்டீயளா?"

"இல்லட்டி. நீ?"

"போய்த்தான் சாப்பிடணும். அண்ணன் நிக்கான்."

அவள் படியிறங்கி அண்ணனிடம் போனாள். மாரிசெல்வி இப்போது தளவாய்புரத்தில் பழையபடி நைட்டி தைக்கிறாள். கை முன்னைப் போல் வேகமாக ஓடுவதில்லையாம். மாமியாரைப் பார்க்க வந்ததில்லை. அய்யம்மாளும் வா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடத் தனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறாள்.

தை மாதம் சிறைக்குப் போய் மகனைப் பார்த்தாள். வேண்டாம் என்று நஸீபா சொல்லியும் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் ஆள் வெளுத்திருந்தான். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டான். முறுக்கு உள்ளே விட மாட்டார்கள், எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னபோது முன்னால் சாய்ந்தான்.

"எங்க தங்கிருக்க யம்மா இப்ப?"

"மில்லுலதான்."

"சரி. வந்து பேசிக்கிடுவோம்" என்றான், அந்தத் தாழ்ந்த குரலில்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கேட்டில் இருந்த காவலரிடம் மகனின் விடுதலைத் தேதி எப்போது வரும் என்று கேட்டாள். பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்து, அவர் கணக்குப் பார்த்துத் தோராயமாக ஒரு மாதத்தைச் சொன்னார். அய்யம்மாள் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நஸீபாவிடம் கொடுத்தாள்.

"இதுக்கு ஒரு மாசம் முந்தியே நான் வாரேன்மா" என்றாள். "என்ன மனுப் போடணுமோ, இந்தத் தடவை போடுவோம்."